முப்பத்திரண்டாவது போன்

அத்தியாயம் 11

வாசலில் நின்ற தம்பியை உள்ளே கூப்பிடாமலே அனுப்பிவிட்டாள் என்று போன வாரம் டெஸ்க் அக்கா மேல் உங்களில் பல பேருக்குக் கோபம். கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர், "இவளெல்லாம் ஒரு அக்காவா?" என்றே கேட்டிருக்கிறார். கோபத்தை முழுக்க அவள் மேலேயே கொட்டித் தீர்த்துவிடாதீர்கள். இந்த வாரம் இன்னும் சில பேருக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகம். எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று போனில் சொல்கிற மேஜை ஒன்று இருக்கிறது. பதினாறு வருஷமாக அந்த மேஜையில் இருப்பவள் நம்மவள். அவளைவிட வயதில் மூத்த மெக்கானிக்குகளும் அவளை டெஸ்க் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் கணவர் அதே கம்பெனியின் மூத்த மெக்கானிக். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவள் தம்பியும் மூன்று மாதத்துக்கு முன்பு வரை அங்கேதான் மெக்கானிக்காக இருந்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு நடந்தது இதுதான். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக் சோதனை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மெஷின் ரூமில் பிரேக்கைச் சரிசெய்ய, இன்னொருவர் கேபினுக்குள் நின்று லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தரைமட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனை முடிந்த மூன்றாம் நாள் அந்த லிஃப்ட் தரைக்கு ஒரு அடி மேலே நின்றது. கவனிக்காமல் காலை வைத்த ஒரு பெண்மணி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரணையில் தம்பி சொன்னான்: "அத்தான் அன்னிக்கு வரவே இல்லை. நீ ஆரம்பி, வந்துடறேன்னு போன் பண்ணினார். நான் ஒருத்தனாத்தான் பார்த்தேன்."

மாஸ்டர் சொன்னார்: "நான் மேல மெஷின் ரூம்ல இருந்தேன். கீழ பார்க்க வேண்டியதை அவன் பார்க்கலை."

மெக்கானிக்குகளின் போனில் வருகைப் பதிவுக்கென்று கம்பெனி ஆப் ஒன்று உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆள் எங்கே இருக்கிறார் என்று அது குறித்துக்கொள்ளும். அன்றைக்குப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை மாஸ்டர் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார் என்று ஆப் சொன்னது. அந்தப் பதிவை அச்செடுத்து விசாரணைக் குழுவிடம் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? டெஸ்க் அக்காதான். அது அவள் வேலை.

தம்பியின் வேலை போயிற்று. விசாரணையின் கடைசி அறிக்கையில் நாளை காலை கையெழுத்தாகிறது. ஆனவுடன் அவனுடைய மெக்கானிக் சான்றிதழும் ரத்து. அதற்குப் பிறகு லிஃப்ட் தொழிலில் எந்தக் கம்பெனியும் அவனைக் கிட்டே சேர்க்காது.

போன வாரம் அவன் வீட்டு வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நீ என்னை நம்புறியாக்கா?"

"ரெக்கார்டு வேற மாதிரி சொல்லுதேடா" என்றாள் அவள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

இனி இன்றைக்கு.

காலை ஒன்பதரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கம்பெனி போன், சொந்த போன், கம்ப்யூட்டர் எதுவானாலும் சரி, டெவலப்பர் மோட் என்று ஒன்று போட்டிருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் அதை அணைத்துவிட வேண்டும். நாளையிலிருந்து புது ஆப். அந்த மோட் போட்டிருக்கிற போனில் அது திறக்காது.

டெஸ்க் அக்கா தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டாள். சின்னப் பெண் குரல் ஒன்று எடுத்தது.

"டெவலப்பர் மோட்னா என்னம்மா?"

"ஆப் எழுதறவங்க சோதிச்சுப் பார்க்கிறதுக்காக போனுக்குள்ளயே வச்சிருக்கிற பின்வாசல் மேடம். நமக்கு அது வேண்டாம். திறந்திருந்தா யார் வேணா உள்ள வந்து போகலாம்."

"எங்க ஆளுங்க எல்லாம் ஸ்பேனர் பிடிக்கிறவங்க. அவங்க போன்ல இது எப்படி வந்தது?"

"செகண்ட் ஹேண்ட் போனா இருக்கலாம், ரிப்பேர் கடைல போட்டிருக்கலாம், பசங்க விளையாட்டா போட்டிருக்கலாம். செட்டிங்ஸ்ல ஒரு இடத்தை ஏழு தடவை தட்டினா வந்துடும் மேடம். உங்க கிளைல முப்பத்திரண்டு போன். லிஸ்ட் அனுப்பறேன்."

லிஸ்ட் வந்தது. பெயர் கிடையாது, ஊழியர் எண் மட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே மூன்று கட்டங்கள். மோட் அணைத்தாயிற்றா என்பது முதல் கட்டம். போன் வேறு எங்கேயோ இருப்பதாகப் போலி இடம் காட்டுகிற ஆப் ஏதாவது போட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. உண்டு அல்லது இல்லை என்று எழுத வேண்டும். போனோடு இணைத்து வைத்த கம்ப்யூட்டர் இருந்தால் அதன் பெயர், மூன்றாவது.

"ரெண்டாவது கட்டத்துல உண்டுன்னு வந்தா மட்டும் அணைக்காதீங்க மேடம்" என்றது சின்னக் குரல். "அணைச்சா அங்க இருக்கிற செட்டிங் எல்லாம் பழையபடி ஆயிடும், எங்களால எதையும் பார்க்க முடியாது. போனை அப்படியே எடுத்து வச்சுக்கிட்டு எங்களுக்குச் சொல்லுங்க."

"எங்க ஆளுங்க அப்படியெல்லாம் கிடையாதும்மா" என்றாள் டெஸ்க் அக்கா. மனசார நம்பித்தான் சொன்னாள். பாவம்.

தன் கம்ப்யூட்டரிலிருந்தே ஆரம்பித்தாள். தேடிப் பார்த்தால் அதிலும் அந்த மோட் போட்டிருந்தது. போன வருஷம் பிரிண்டரைச் சரிபார்க்க வந்தவர் போட்டுவிட்டு மறந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாகத் திறந்து கிடந்த பின்வாசலோடு தான் உட்கார்ந்திருந்ததை நினைத்தபோது அவளுக்கு என்னவோ போலிருந்தது. அணைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

அன்றைக்கு அவள் பட்ட பாட்டைத் தனியாக ஒரு அத்தியாயமே எழுதலாம். ஒவ்வொரு போனிலும் அந்தப் பக்கம் ஒவ்வொரு இடத்தில் ஒளிந்திருந்தது. கிணறு போன்ற லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு ஒருவர், மொட்டை மாடியில் காற்றில் கத்திக்கொண்டு ஒருவர். ஒன்பதாவது ஆள் முப்பது வருஷ சர்வீஸ்காரர்.

"ஏழு தடவை தட்டிட்டேன் டெஸ்க் அக்கா. போக மாட்டேங்குது."

"யார் உங்களைத் தட்டச் சொன்னது? தட்டினா வரும். போறதுக்கு அணைக்கணும்."

"வந்த வழியாத்தானே போகும்னு நினைச்சேன். நீங்க ஏற்கனவே டெவலப்பர் ஆயிட்டீங்கன்னு சொல்லுது."

"அது எல்லாருக்கும் சொல்லும்."

"இல்ல, இந்த முப்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் பிரமோஷன். அதையும் இன்னைக்கே பிடுங்கணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் அலுவலகத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றரை மணிக்குள் முப்பத்தொரு போன் முடிந்தது. இரண்டாவது கட்டத்தில் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. மூன்றாவது கட்டம் மேலிருந்து கீழ் வரை காலி. பாக்கி இருந்தது கடைசி எண் ஒன்றுதான். அந்த எண் யாருடையது என்று அவள் எங்கேயும் பார்க்க வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த எண் தைத்த சட்டையைத் துவைத்துக் கொண்டிருக்கிறாள்.

வீட்டு ஆள்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

நாலே காலுக்கு மாஸ்டர் வந்தார். கழற்றிய பழைய பிரேக் கட்டைகளைக் கிடங்கில் கொடுத்துவிட்டு, கையெல்லாம் கிரீஸாக அவள் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"உங்க போனும் லிஸ்ட்ல இருக்குங்க."

"என்ன லிஸ்ட்டு?"

"டெவலப்பர் மோடாம். அணைக்கணும்."

"என்னமோ பண்ணிக்கோ. அதெல்லாம் யாருக்குத் தெரியும்?" சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். அவளே போனை எடுத்துக்கொண்டாள். அவர் கை கழுவப் பின்பக்கம் போனார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் துளிக்கூட பயப்படாமல்தான் கொடுத்தார். தன் வண்டவாளம் முழுக்க போன் திரையில் ஒரு சின்னப் படத்துக்குள் இருக்கிறது, அந்தப் படம் யார் கண்ணிலும் சந்தேகப்படும்படி இல்லை என்பது அவர் எண்ணம். செட்டிங்ஸ் என்கிற பக்கத்தை அவர் வாழ்க்கையில் திறந்ததில்லை. டெவலப்பர் மோட் என்று மனைவி சொன்னது வேறு ஏதோ என்றுதான் நினைத்தார்.

டெஸ்க் அக்காவுக்கு வழி இப்போது மனப்பாடம். செட்டிங்ஸ், சிஸ்டம், டெவலப்பர் ஆப்ஷன்ஸ். மேலே பச்சையாக ஒரு பொத்தான். விரலை அதன் மேல் கொண்டு போனவள், கட்டம் நிரப்ப வேண்டுமே என்று கீழே இறங்கினாள். போலி இடம் காட்டும் ஆப் என்ற வரி வந்தது. முப்பத்தொரு போனிலும் அதன் கீழே எதுவுமில்லை என்று இருந்தது. இங்கே டார்ச் என்று இருந்தது.

அவள் மறுபடி படித்தாள். டார்ச்.

அந்த டார்ச்சை அவளுக்குத் தெரியும். ஆறேழு மாதமாகச் செவ்வாய், வெள்ளி காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று அவர் போனில் அந்த டார்ச் படத்தை அழுத்துவார். "பட்டப்பகல்ல டார்ச் எதுக்குங்க?" என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாள். "லிஃப்ட் குழிக்குள்ள இருட்டா இருக்குமே" என்றார். சரிதானே என்று உள்ளே போய்விட்டாள்.

டார்ச் படத்தை அழுத்தினாள். வெளிச்சம் வரவில்லை. ஊர் வரைபடம் ஒன்று வந்தது. ஓரத்தில் சேமித்து வைத்த இடங்கள், மொத்தம் ஒன்பது. எல்லாம் கம்பெனி பராமரிக்கிற கட்டடங்கள். அவளே வாரா வாரம் போனில் சொல்கிற விலாசங்கள். நாலாவது, அந்த ஏழு மாடி.

தம்பி சொன்னது நிஜம் என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்தது. தான் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவனை, வாசலோடு திருப்பி அனுப்பியதும் அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மாஸ்டர் ஈரக் கையைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "முடிஞ்சுதா?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். வரைபடத்தைப் பார்த்ததும் அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"என்னைக்கு?"

"என்கிட்ட அந்த வேலை வேண்டாம்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கிடங்கில் இரண்டு பேர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காது டாக்டர்கிட்ட."

"காதுக்கு என்ன?"

"தலை சுத்தல். ஒரு வருஷமா இருக்கு. உள்காதுல கோளாறாம். குழிக்கு மேல நின்னா கீழ இழுக்கற மாதிரி இருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் பயிற்சின்னு வரச் சொன்னாங்க. காலைலதான் டாக்டர் இருப்பார். லீவு எடுத்தா ஏன்னு கேப்பாங்க. தலை சுத்தறவனை யார் மெஷின் ரூமுக்கு விடுவா? கீழ உட்கார வச்சுடுவாங்க. இந்த வயசுல நான் கிடங்குல பெட்டி எண்ணவா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ பயப்படுவே."

"பயப்பட்டுட்டுப் போறேன். அது என் பாடு. தலை சுத்தினது உங்க தப்பில்லை. அதுக்காக நான் உங்க மேல ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். ஆனா விசாரணைல உட்கார்ந்து, மேல மெஷின் ரூம்ல இருந்தேன்னு சொன்னீங்களே, அதுவும் தலை சுத்திச் சொன்னதா?"

அவர் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் கீழ பார்க்கலைன்னு சொன்னீங்க. ஒருத்தனா மேலயும் கீழயும் ஓடி ஓடிப் பார்த்தவனை."

"அந்த நேரத்துல வாயில வந்துடுச்சு. ஆப்ல வேற நான் இருக்கற மாதிரி இருந்தது. அப்புறம் மாத்திச் சொல்ல முடியலை. உன் தம்பி சின்ன வயசு. வேற எங்கயாவது பிழைச்சுக்குவான்னு நினைச்சேன்."

"நாளைக்கு சான்றிதழ் போகுது. எங்க பிழைப்பான்?"

மாஸ்டர் முன்னால் சாய்ந்தார். "இங்க பாரு. முப்பத்தோரு பேருக்கு அணைச்சே இல்லை? இதையும் அணைச்சிடு. ஒரு பொத்தான்தானே. அப்புறம் அவனுக்கு என்ன செய்யணுமோ நான் செய்யறேன்."

ஒரு பொத்தான்தான். இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அவர் கை மேஜைக்கு மேலாக நீண்டபோது அவள் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவர் நீட்டிய கையிலிருந்து அவள் எதையும் விலக்கி வைத்தது கிடையாது. இரண்டு பேருக்குமே அது புதிதாக இருந்தது.

"இதை உங்க போன்ல போட்டுக் கொடுத்தது யாரு?"

"ரிப்பேர் கடைல."

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல."

மூன்றாவது கட்டம் ஞாபகம் வந்தது. இணைத்த கம்ப்யூட்டர். அந்தப் பக்கத்தையும் திறந்தாள். கடைக் கம்ப்யூட்டரின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

குண்டுப்பூனை.

அது கடையில் வைத்த பெயரில்லை. அவள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தம்பி வைத்த செல்லப் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்கென்று அவன் லேப்டாப் வாங்கிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் தனக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டதும் இந்தப் பெயரைத் தட்டிவிட்டு, "அம்மா மாதிரியே முறைக்குது பாரு" என்று டெஸ்க் அக்காவைக் காட்டி மகளைச் சிரிக்கவைத்தான். அந்த லேப்டாப்பிலிருந்துதான் இந்த டார்ச் ஏறியிருக்கிறது.

கணவர் ஏமாற்றினார், அது ஒரு அடி. ஆனால் தன் மடியில் தலைவைத்துப் படுக்கிற பெண், மாமாவுக்கு வேலை போன அன்றைக்கு, "சாப்பிடும்மா, ஒண்ணும் ஆகாது" என்று தட்டை நீட்டிய பெண்!

"கடையிலன்னு இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

மாஸ்டர் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்தாள். பதினேழு வயசு.

"என்னம்மா?"

"அப்பா போன்ல டார்ச் போட்டுக் கொடுத்தியா?"

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"அம்மா, அப்பா ஒரு நாள் பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டார்மா. நீ ஆபீஸ்ல இருந்தே. நான்தான் தூக்கினேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லைம்மா. டாக்டர்கிட்ட போகத்தானேன்னு நினைச்சுப் போட்டுக் கொடுத்தேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

"ஆனப்புறம் தெரிஞ்சுதே. மூணு மாசமா எனக்கு எதிர்ல உட்கார்ந்துதானே சாப்பிட்டே?"

"நான் மாமாகிட்ட சொல்லிட்டேன்மா."

டெஸ்க் அக்காவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. "எப்போ?"

"வேலை போன மறுநாளே. போய் அழுதேன். மாமாதான் யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார்."

அவள் மேற்கொண்டு கேட்காமல் போனை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. தம்பியின் எண்ணை எடுத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுக்கா."

ஒரு வாரத்துக்கு முன் வாசலோடு அனுப்பியவளிடம் பேசுகிற குரலா அது? அதே பழைய குரல். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "யார் சொன்னா?"

"போன் சொல்லிச்சு. தெரிஞ்சுக்கிட்டே ஏன்டா வாயை மூடிட்டு இருந்தே?"

"சொன்னா அந்த ஆப் எங்கேயிருந்து வந்ததுன்னு தோண்டுவாங்க. தோண்டினா லேப்டாப் வரும். கம்பெனியை ஏமாத்த உதவினான்னு பூனை பேர்ல ஒரு கேஸ் வந்தா, அவ படிப்பு என்னாகும்? எனக்குப் போனது ஒரு வேலை."

"அப்புறம் எதுக்குடா வீட்டுக்கு வந்தே?"

"ஒண்ணும் கேட்க வரலைக்கா. ஊரே நம்பாட்டியும் பரவாயில்லை, நீ நம்பறேன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு வந்தேன்."

டெஸ்க் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிடங்கில் பெட்டி எண்ணியவர்கள் எண்ணுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போ லிஸ்ட் அனுப்பணும்டா. மூணாவது கட்டத்துல கம்ப்யூட்டர் பேர் கேக்கறாங்க."

"காலியா விட்டுடு."

"எல்லாரும் எனக்கு இதையேதான் சொல்றீங்க. விட்டுடு, அணைச்சிடு, சொல்லாதே. என் வீட்டுல மூணு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாம இருந்தவ நான் ஒருத்திதான். உன் கழுத்துக்குக் கயிறா அந்த ரெக்கார்டை அச்செடுத்துக் கொடுத்தவளும் நான் ஒருத்திதான்."

"அக்கா, பூனையை நினைச்சுப் பாரு."

"அவளை நினைச்சுத்தான்டா பேசறேன். ஒரு ஆளைப் பலி கொடுத்துட்டு வாயை மூடிக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு என் வீட்டுல அவ கத்துக்கிட்டா. அப்பா கத்துக் கொடுத்தார். நீயும் சேர்ந்து கத்துக் கொடுத்திருக்கே. நானும் காலியா விட்டா, மூணாவது ஆள் நான்."

அவன் மறுபடி ஏதோ சொல்ல வந்தான். அவள் வைத்துவிட்டாள்.

நாலு ஐம்பத்திரண்டு. தன் போனை எடுத்து மாஸ்டருடைய போன் திரையைப் படம் பிடித்தாள். டார்ச் என்ற வரியை ஒன்று, ஒன்பது கட்டடங்களை ஒன்று, குண்டுப்பூனையை ஒன்று. பிறகு அவர் போனை அப்படியே மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டாள்.

"நீ அனுப்பினா என் வேலை போயிடும்" என்றார் மாஸ்டர். சத்தமில்லாமல் சொன்னார்.

"தெரியும்."

"இவ்வளவு வருஷம் உன்னை ஒரு சொல்லு சொன்னதில்லை நான்."

"சொல்லியிருக்கலாம். தலை சுத்துதுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா போதும். உங்க கையைப் பிடிச்சு நானே கூட்டிட்டுப் போயிருப்பேன்."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கடைசி வரி. முதல் கட்டத்தில் 'அணைக்கவில்லை' என்று தட்டினாள். இரண்டாவதில் 'உண்டு'. மூன்றாவதில் அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். நடுவில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. அழித்துவிட்டுச் சரியாகத் தட்டினாள்.

அனுப்பிவிட்டாள்.

மாஸ்டர் எழுந்து போகவில்லை. போக இடம் தெரியாதவர் போல அங்கேயே உட்கார்ந்திருந்தார். கிடங்குக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார்கள்.

ஐந்தரை மணிக்கு மேஜைத் தொலைபேசி அடித்தது. அதே சின்னக் குரல். காலையிலிருந்த கலகலப்பு இல்லை.

"மேடம், முப்பத்திரண்டாவது போன் பத்தி. மேலிடத்துல காட்டிட்டேன். நாளைக்கு ஒரு கையெழுத்து இருந்ததாம், அதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்காங்க."

"சரிம்மா."

"நாளைக்குக் காலைல அந்த போனோட நீங்களும் இங்க வரணும். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர். பூனைன்னு என்னவோ பேர் இருக்கே, அது யாரோடதுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எதிர் நாற்காலியிலிருந்து மாஸ்டர் தலையை அசைத்தார். வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். இதே கேள்வியை இன்னும் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்கப் போகிறார்கள் என்று டெஸ்க் அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"தெரியும்" என்றாள். "எங்க வீட்டுது."

அந்தப் பக்கம் பேனா எழுதுவது நின்றது.

"என் பொண்ணோடது. என் தம்பி ஆசையா வாங்கிக் கொடுத்தது."

"எந்தத் தம்பி மேடம்? அந்த விசாரணைல இருக்கிறவரா?"

"அவனேதான்" என்றாள் டெஸ்க் அக்கா. "எழுதிக்கோம்மா."